இரு வந்தேறிகளும் இரு சட்டங்களும்: பிரித்தானிய நாட்டுப்புற வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினை

19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியப் பிரபுக்களிடையே பிறநாட்டு விலங்குகளைத் தம் தோட்டங்களிற் குடியேற்றும் ஆர்வம் மிகுந்திருந்தது. அதன் விளைவாக 1876ஆம் ஆண்டு செஷயரிலுள்ள ஹென்பரிப் பூங்காவில் வட அமெரிக்கச் சாம்பல் அணில்கள் விடப்பட்டன. 1890இல் அவை வோபர்ன் பெருந்தோட்டத்துக்கும் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வேறிடங்களுக்கும் வழங்கப்பட்டன. அழகுக்காகக் கொணரப்பட்ட அவ்வணில் அந்நாட்டுக்குரிய செவ்வணிலுக்குப் பெருங்கேடாக முடிந்தது. அது பருமனிற் பெரியது. ஓக் மர விதைகளைச் செவ்வணிலிலும் நன்கு செரிக்கவல்லது. மேலும், அது தனக்கு அதிக தீங்கின்றிக் காவிவரும் ஒருவகை அம்மைக் கிருமி செவ்வணில்களைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறது.

சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் 1937இலேயே தடைசெய்யப்பட்டன. அதற்குள் 61 ஆண்டுகள் கடந்துவிட்டன. 1950களில் அரசு வாலொன்றுக்கு ஒரு சிலிங் வெகுமதி அளித்துப் பார்த்தும் பரவலைத் தடுக்க முடியவில்லை. இன்று பிரித்தானியச் செவ்வணில்களுட் பெரும்பாலானவை ஸ்கொட்லாந்திலேயே எஞ்சியுள்ளன.

இதற்கு மாறான வரலாறு மஸ்க்ரட் எனப்படும் வட அமெரிக்க நீரெலியினது. உரோமத்துக்காக 1920களின் இறுதியிற் பண்ணைகளுக்குக் கொணரப்பட்ட இவ்விலங்குகளுட் சில தப்பி ஆறுகளை அடைந்தன. கரைகளைக் குடைந்து வளை அமைப்பது இவற்றின் இயல்பு. 1905இல் பொகீமியாவில் விடப்பட்ட மஸ்க்ரட்டுகள் மத்திய ஐரோப்பாவிற் பரவி விளைத்த சேதம் அக்காலத்தில் நன்கு அறியப்பட்டிருந்தது. எனவே 1932இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முறையான பொறிவைப்பினால் 1930களின் இறுதிக்குள் இவ்விலங்கு முற்றாக ஒழிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஆற்றங்கரைக்கும் கால்வாய்க்கும் ஆபத்து நேர்ந்தபோது அரசு விரைந்து செயற்பட்டது. காட்டுச் செவ்வணிலின் இழப்போ எவருடைய கணக்கேட்டிலும் இடம்பெறவில்லை. வந்தேறி விலங்கு வெல்வதும் தோற்பதும் அதன் ஆற்றலில் மட்டும் தங்கியதன்று. மனிதன் எதனை இழப்பெனக் கருதுகிறான் என்பதிலும் தங்கியுள்ளது.

காலந் தாழ்த்தியதன் விலையை ஆங்கில்சீ தீவு உணர்த்துகிறது. ஏறத்தாழ 40 செவ்வணில்களே எஞ்சியிருந்த அச்சிறு தீவிற் சாம்பல் அணிலை அகற்றும் பணி 1998இல் தொடங்கியது; அது நிறைவுபெற ஏறக்குறைய 15 ஆண்டுகள் சென்றன. இன்று செவ்வணில் அங்கு மீண்டும் பெருகியுள்ளது. ஒரு பிரபுவின் பொழுதுபோக்கால் விளைந்த கேட்டைத் திருத்தப் பல தலைமுறைகள் உழைக்க வேண்டியிருக்கிறது. குற்றம் அணிலினுடையதன்று, அது தானாகக் கடல் கடந்து வரவில்லை.