பழுதில் பிறந்த நாதம்



மின்கிற்றார் பயிலும் இளைஞர் பலரை இன்று ஒரு கேள்வி எதிர்கொள்கின்றது. நாதத்தை மாற்றும் சிறு அனலொக் பெடல்களை ஒவ்வொன்றாக வாங்குவதா, அன்றிப் பல ஒலி விளைவுகளை ஒருங்கே தரும் இலக்கமுறைக் கருவி ஒன்றை வாங்குவதா என்பதே அக்கேள்வி. விடை காண விழைவோர் இக்கருவிகளின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நன்று.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவான மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் பாடல் ஒன்று 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதிவின்போது ஒலிக்கலவைக் கருவியில் நேர்ந்த பழுதினால், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிற்றார் கரகரத்து ஒலித்தது. அதனை நீக்காது விட்டனர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி, அக்கரகரப்பை வேண்டும்போது தரவல்ல டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை ஆக்குவதில் ஈடுபட்டார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதனை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டது. காலால் ஒருமுறை மிதித்தால் கரகரப்பு. மறுமுறை மிதித்தால் பழைய நாதம்.

எதிரொலியின் வரலாறும் இத்தகையதே. 1959இல் தோன்றிய எக்கோபிளெக்ஸ் கருவி, நாதத்தைக் காந்த நாடாவிற் பதித்துச் சிறிது பிந்தி ஒலித்தது. 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் உருவான மின்சுற்றோ, தீயணைப்போர் வரிசையாக நின்று நீர் வாளியைக் கைமாற்றுவதுபோல மின்னேற்றத்தைப் படிப்படியாகக் கடத்தியது. கடத்துந்தோறும் ஒலியின் கூர்மை சிறிது குறைந்தது. அம்மங்கலான எதிரொலியே பலருக்கு இனித்தது.

இலக்கமுறையின் வழி வேறு. அது நாத அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, எண்களாக்கிச் சேமித்து, மீண்டும் நாதமாக்குகின்றது. 1983இல் ஜப்பானின் பொஸ் நிறுவனம் வெளியிட்ட டிடி-2 என்னும் பெடல் இம்முறையில் தெளிந்த எதிரொலியைத் தந்தது. ஆயினும் பழைய மங்கலை நாடியோர் குறையவில்லை. 1999இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் டிஎல்4 என்னும் இலக்கமுறைப் பெடல், நாடாவின் தன்மையையும் பழைய மின்சுற்றின் மங்கலையும் கணக்கிட்டுப் போலச் செய்தது. எண்ணின் துணைகொண்டு பழைய குறைகளையே மனிதர் மீட்டெடுத்தனர்.

ஆகவே, இவ்விரண்டும் பகைவரல்ல. பழைய கருவிகள் கண்டளித்த நாதங்களையே புதியவை பெரிதும் நினைவில் வைத்துள்ளன. பொருள் வசதி குறைந்த மாணவனுக்கு இலக்கமுறைக் கருவி நல்ல தொடக்கமாகும். பல நாதங்களை ஒரே செலவில் அறிந்துகொள்ளலாம். ஆனால் அது பழுதுற்றால் அத்தனை விளைவுகளும் ஒருங்கே மௌனமாகும். தனிப் பெடல் தருவது ஒன்றேயாயினும், அதன் சில குமிழ்களைத் திருப்பித் திருப்பி அந்நாதத்தை முற்றாக அறியலாம். எனவே முதலிற் பலவற்றைக் கேட்டறிந்து, தன் வாசிப்புக்கு இன்றியமையாத இரண்டொன்றைத் தெரிந்து, பின்னர் அவற்றைப் பெடல்களாக வாங்குதல் தக்கது.

நாஷ்வில்லிலே பழுதை நாதமென்று கண்டது செவியே. கருவியைத் தெரிவதற்கு முன் அச்செவியைப் பழக்குதல் வேண்டும்.