பாவசங்கீர்த்தனமும் ஒப்புரவும்: தமிழ்க் கத்தோலிக்க மரபில் குற்றமும் மன்னிப்பும்

முன்னுரை

குற்றம் இழைத்தவன் அதனின்று எவ்வாறு மீள்கிறான் என்பது கிறித்துவ வாழ்வின் நடுவே நிற்கும் வினாவாகும். கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு ஓர் அருட்சாதனத்தின் வழியே விடை தருகிறது. தமிழில் அவ்வருட்சாதனம் முதலில் போர்ச்சுகீசியச் சொல்லாலும், பின்னர்ப் பாவசங்கீர்த்தனம் என்றும், இன்று ஒப்புரவு என்றும் சுட்டப்பெறுகிறது. இம்மாற்றத்தை மொழித்தூய்மை முயற்சியாக மட்டும் காண்பது போதாது. மன்னிப்பு எதில் நிறைவுறுகிறது என்னும் கருத்தும் இதனுடன் இடம்பெயர்ந்துள்ளது என்பதே நம் துணிபு.

முத்துக்குளித்துறையில்

1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் அங்கு வந்த சவேரியார், இருமொழி அறிந்தோர் துணையுடன் பாவ அறிக்கை மன்றாட்டு உள்ளிட்ட செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து மக்களுக்குக் கற்பித்தார். இதனை அவரது 1544 சனவரிக் கடிதத்தால் அறிகிறோம். ஆயின் செபத்தை ஒப்புவிப்பது வேறு. ஒருவர் தம் குற்றத்தைக் கூறக் கேட்பது வேறு. பின்னதற்குக் கேட்பவர் அம்மொழியை அறிந்திருத்தல் வேண்டும். இடையே மொழிபெயர்ப்பாளர் இருப்பின், மறைவாகச் சொல்லவேண்டியது மூன்றாமவர் செவிக்கும் எட்டிவிடும்.

இப்பின்னணியில்தான் அண்டிறிக்கு அடிகளாரின் தமிழ்ப் புலமையை மதிப்பிடல் வேண்டும். கொல்லத்தில் 1578இல் தம்பிரான் வணக்கத்தையும், கொச்சியில் 1579இல் கிரீசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்ட அவர், 1580இல் கொச்சியில் வெளியிட்ட நூல் கொம்பெசியொனாயரு ஆகும். இதன் படியொன்று ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்று, மனிதன் தன் குற்றத்தைச் சொல்வதற்குத் துணைசெய்யும் நூலாக அமைந்தது நம் அச்சு வரலாற்றில் எண்ணத்தக்கதாகும்.

பாவமும் சங்கீர்த்தனமும்

திரெந்து சங்கம் 1551இல் இவ்வருட்சாதனத்தில் மனம் வருந்துவோர் செய்யவேண்டியவற்றை மனத்துயர், அறிக்கையிடல், பரிகாரம் என மூன்றாக வரையறுத்தது. தமிழ் மண்ணிலோ பாவம் என்னும் சொல் வினைக்கோட்பாட்டின் சாயலைத் தாங்கி நின்றது. வினை நுகர்ந்து கழிக்கப்படுவது. பாவம், கிறித்துவ நோக்கில், ஒருவருக்கு எதிராக இழைக்கப்பட்டு அவரால் மன்னிக்கப்படுவது. தத்துவ போதக சுவாமிகள் என அறியப்பெறும் இராபர்ட் தெ நொபிலி (1577–1656) மறுபிறப்பை மறுத்துத் தனிநூல் எழுத நேர்ந்தமை இவ்வேறுபாட்டின் ஆழத்தைக் காட்டும். எனினும் அடியவர் பிழையை இறைவன் பொறுத்தருள்வான் என்னும் எண்ணம் பக்தி மரபில் முன்னரே வேரூன்றியிருந்தது. பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்னும் பொருளும் உண்டு. மன்னிப்பவர் பிறர் பாரத்தைத் தாங்குகிறார் என்னும் கருத்தை ஏற்கத் தமிழ் ஆயத்தமாகவே இருந்தது எனலாம்.

வடசொல் வளத்தை நாடிய கத்தோலிக்கத் தமிழில் பாவசங்கீர்த்தனம் என்னும் சொல் நிலைபெற்றது. இறைவன் நாமத்தைப் பாடிப் பரவுதலைச் சுட்டும் சங்கீர்த்தனம், இங்குத் தன் பாவத்தைத் தானே எடுத்துரைத்தலைக் குறித்தது. இச்சொல்லில் அழுத்தம் பெறுவது சொல்லுதலே.

சொல்லுதல் மட்டும் போதுமா? அண்டிறிக்கு அடிகளார் சார்ந்த இயேசு சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியாரின் வாழ்வே இதற்குச் சான்றாகும். 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது அவர் தம் பழைய பாவங்களை மீளமீள அறிக்கையிட்டும் அமைதி பெறவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை அத்துயரம் வளர்ந்தது. முன்னர் அறிக்கையிட்டவற்றை இனிக் கூறுவதில்லை எனத் துணிந்தபின்னரே அவர் தெளிவடைந்தார். மன்னிப்பை நம்பி ஏற்காதவிடத்துக் குற்றவுணர்வு சொல்லச் சொல்லப் பெருகும் என்பதை இதனால் உணர்கிறோம்.

ஒப்புரவு

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) விளைவாக 1973இல் புதிய சடங்குமுறை வெளியிடப்பெற்றது. தனிநபர் அறிக்கையோடு, பலர் கூடி மனம்வருந்தும் வழிபாட்டு முறைகளும் அதில் இடம்பெற்றன. குற்றம் இறைவனோடு மட்டுமன்றிச் சமூகத்தோடும் உள்ள உறவை முறிக்கிறது என்பது அதன் அடிப்படை. தமிழில் ஒப்புரவு என்னும் சொல் இதற்கு அமைந்தது. திருக்குறளில் ஓர் அதிகாரப் பெயரில் நின்று உலகத்தோடு ஒத்து உதவி வாழ்தலைச் சுட்டிய இச்சொல்லைச் சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியத் தமிழ், உறவு கூடுதல் என்னும் பொருளில் முன்பே ஆண்டுள்ளது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் செல்லுமாறு பணிக்கும் மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் இயலே இக்கருத்தின் ஊற்று.

முடிவுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்க முதியோரிடையே பாவசங்கீர்த்தனம் என்னும் சொல் இன்றும் வழங்கக் கேட்கிறோம். அதனைப் பழஞ்சொல் என ஒதுக்கிவிடல் தகாது. செய்த குற்றத்தைப் பெயரிட்டுச் சொல்லும் துணிவை அச்சொல் காத்து நிற்கிறது. முறிந்த உறவைச் சீர்செய்யும் கடமையை ஒப்புரவு நினைவூட்டுகிறது. பெயரிடப்படாத குற்றம் இனம்புரியாத உளைச்சலாய் எஞ்சும். பாதிக்கப்பட்டவரை நாடிச் செல்லாத அறிக்கை வெறும் ஒப்புவித்தலாய்ச் சுருங்கும். மாணவனை நோக்கி ‘மன்னிப்புக் கேள்’ எனப் பணிக்கும் ஆசிரியராகிய நாமும் இவ்விரண்டையும் இணைத்தே கற்பித்தல் வேண்டும்.