பிரதியிடல்: கொங்கு நாட்டில் இயற்கணிதம் கற்பித்த வரலாறு

இயற்கணிதக் கோவை ஒன்றில் எழுத்து நிற்கும் இடத்தில் ஓர் எண்ணை வைத்து மதிப்புக் காண்பது பிரதியிடல் எனப்படும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் முதல் இயலான 'உறவுகளும் சார்புகளும்' பெரும்பாலும் இந்தத் திறனையே நம்பியிருக்கிறது. கூட்டலும் பெருக்கலும் பிழையின்றிச் செய்யும் மாணவர் பலர் இங்கு வந்ததும் தடுமாறுகின்றனர். கணக்கு தங்களுக்கு வராது என்று முடிவு கட்டி, தேர்வுக்குப் பின் தறிக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் கொங்கு நாட்டு ஊர்களில் உண்டு. ஆனால் பிரதியிடல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. எழுத்து வருவதற்கு வெகு காலம் முன்பே அதன் கருத்து இங்கு பழக்கத்தில் இருந்தது.

பாடநூல்கள் ஆங்கில எழுத்துகளைக் குறியீடாகக் கொள்கின்றன. இக்கட்டுரையில் மாறியை 'அ' என்றும் சார்பை 'ச' என்றும் குறிக்கலாம்.

எழுத்தில்லாத சார்பு

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் கணக்கு விதிகளைச் செய்யுளில் கூறும் நூல். பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் விதி அதில் புகழ்பெற்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளுகளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது அந்த விதி. முள் 100 என்றால் சுளை 120; முள் 85 என்றால் சுளை 102. பழத்துக்குப் பழம் விடை சற்று மாறலாம். ஆயினும் இன்றைய முறையில் எழுதினால் இது ச(அ) = 6அ ÷ 5 என்னும் சார்பு. விதி ஒன்றே; உள்ளே இடும் எண் மாறினால் வெளியே வரும் எண்ணும் மாறும்.

வட்டத்தின் பரப்புக்கும் அந்நூலில் விதி உண்டு. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். சுற்றளவு 44 முழம், விட்டம் 14 முழம் உள்ள கிணற்று வாய்க்கு 22 × 7 = 154 சதுர முழம். கமலை இறைத்து வேளாண்மை செய்த கொங்கு நாட்டில் கிணறு அன்றாடப் பொருள். ஒரே விதியில் இரண்டு மதிப்புகளைப் பிரதியிடுவதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு தேவையில்லை.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முன்னே படித்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் 1789 முதல் அனாதைச் சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்று பெயர்பெற்றது. பின்தங்கிய மாணவனுக்கு அருகில் இருப்பவன் கைகொடுக்கும் இந்த வழக்கம் இன்றைய வகுப்பறைக்கும் பொருந்தும்.

எழுத்து வந்த வழி

பாஸ்கராச்சாரியார் 12ஆம் நூற்றாண்டில் தம் பீஜகணிதத்தில் தெரியாத கணியங்களுக்கு நிறப்பெயர்களின் முதலெழுத்துகளை ஆண்டார். ஐரோப்பாவில் வியேட் 1591இல் எழுத்துகளை முறைப்படுத்தினார். சார்பை ஓர் எழுத்தும் அடைப்புக்குறியும் கொண்டு எழுதும் முறையை ஆய்லர் 1734இல் கையாண்டார். தமிழில், யாழ்ப்பாணத்துக் கறோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இல் வெளிவந்தது.

ஆனால் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் இயற்கணிதம் நெடுங்காலம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்பட்டது. கொங்குச் சிற்றூரிலிருந்து வந்த மாணவன் புதிய குறியீட்டையும் புரியாத மொழியையும் ஒன்றாகச் சுமக்க வேண்டியிருந்தது.

கலைச்சொல் முயற்சிகள்

இத்தடையை நீக்கும் முயற்சிகளில் கொங்கு நாட்டின் பங்கு பெரிது. 1916இல் சேலத்தில் இராஜாஜி, அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்குவதற்கான சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். திருப்பூரில் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் 1930இல் ஸ்ரீ இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவினார். அது பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. அவர் 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக வலுப்பெற்றது.

அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மையாசிரியர் பெ. தூரன் ஈரோடு வட்டாரத்தவர், கணிதம் பயின்றவர், வித்யாலயப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழும் அறிவியலைத் தமிழில் எழுதும் பழக்கத்தை வளர்த்தது. 'சார்பு', 'மாறி', 'மதிப்பகம்', 'வீச்சகம்' முதலிய சொற்கள் இன்று அரசுப் பள்ளி மாணவருக்கு இயல்பாகிவிட்டன. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று மாறுவதால் சார்பு. பெயரே பாதி விளக்கத்தைத் தருகிறது.

மாணவர் தடுமாறும் இடங்கள்

மொழித்தடை நீங்கினாலும் குறியீட்டுத்தடை எஞ்சுகிறது. வகுப்பில் அடிக்கடி காணப்படும் பிழைகள் நான்கு.

1. 2அ என்பதில் அ = 5 எனப் பிரதியிட்டு 25 என்று எழுதுதல். எழுதப்படாத பெருக்கல் குறி மாணவர் கண்ணில் படுவதில்லை. விடை 10.

2. ச(அ) என்பதை 'ச பெருக்கல் அ' என்று படித்தல். அங்கே அடைப்புக்குறி பெருக்கலைக் குறிப்பதில்லை. உள்ளே இடப்படும் எண்ணைக் காட்டுகிறது.

3. ச(அ) = அ² − 4அ என்னும் சார்பில் ஓரிடத்தில் மட்டும் எண்ணை இட்டு மற்றோரிடத்தில் எழுத்தை விட்டுவிடுதல்.

4. குறை எண்ணை அடைப்புக்குறியின்றி இடுதல். மேற்கண்ட சார்பில் ச(−3) காணும் மாணவர் −9 − 12 = −21 என்று எழுதுவர். சரியான வழி: (−3)² − 4(−3) = 9 + 12 = 21.

கைகொடுக்கும் முறை

முதலில் எழுத்தை விட்டு, தெரிந்த விதியிலிருந்து தொடங்குவது நல்லது. பொள்ளாச்சியில் தேங்காய் ஒன்று 20 ரூபாய், வண்டி வாடகை 500 ரூபாய் என்று கொள்வோம். 100 காய்க்கு என்ன செலவு, 250 காய்க்கு என்ன செலவு என்று கேட்டால் மாணவர் 2,500, 5,500 என்று தாமே கூறுவர். மாறாதது எது, மாறுவது எது என்று அடுத்துக் கேட்க வேண்டும். மாறும் இடத்துக்கு மட்டும் 'அ' என்று பெயரிட்டால் ச(அ) = 20அ + 500 பிறக்கிறது.

இரண்டாவதாக, எழுத்து நிற்கும் இடம்தோறும் வெற்று அடைப்புக்குறி இடச் செய்ய வேண்டும். அ² − 4அ என்பது ( )² − 4( ) ஆகும். எல்லா அடைப்பிலும் ஒரே எண்ணை எழுதிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் மேலே கூறிய முதல், மூன்றாம், நான்காம் பிழைகளைத் தடுக்கும்.

மூன்றாவதாக, எண்ணின் இடத்தில் கோவையே வந்தாலும் முறை மாறுவதில்லை. ச(அ + 1) = (அ + 1)² − 4(அ + 1) = அ² − 2அ − 3. சரிபார்க்க அ = 2 என இடலாம். இடப்பக்கம் ச(3) = 9 − 12 = −3; வலப்பக்கம் 4 − 4 − 3 = −3. தன் விடையைத் தானே சோதிக்கத் தெரிந்த மாணவருக்கு அச்சம் குறைகிறது.

நான்காவதாக, புரிந்துகொண்ட மாணவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லச் செய்யலாம். சட்டாம்பிள்ளை முறையின் நற்கூறு இதுவே. அதிலிருந்த பிரம்பு தேவையில்லை.

பலாச்சுளை விதியைச் செய்யுளாகக் கேட்டு விடை கண்டவர் செய்ததும், இன்றைய மாணவர் குறியீட்டில் செய்ய வேண்டியதும் ஒரே வேலை. இடையில் சேர்ந்தது ஓர் எழுத்தும் ஓர் அடைப்புக்குறியும் மட்டுமே.