சிங்கமும் சந்தனமும்

செப்பேட்டில் எழுதியிருந்தால்தான் அது சரித்திரம் என்று நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கல்வெட்டு என்றால் அதற்கும் ஒரு கும்பிடு உண்டு. சட்டைக் கையில் மாட்டுகிற பொத்தானில் சரித்திரம் இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சொல்லப்போவது பொத்தானின் கதைதான்.

வெள்ளைக்காரத் துரைமார் அணிந்த சட்டையின் கைப்பட்டை இரட்டையாக மடிந்திருக்கும். அதில் தைத்த பொத்தான் கிடையாது. இரண்டு பக்கமும் துளைதான். அந்தத் துளைகளில் நுழைத்துப் பூட்டும் ஜோடிப் பொத்தானுக்குக் 'கஃப்லிங்க்' என்று பெயர். நம் ஊர் வக்கீல்களும் ஜமீன்தார்களுங்கூட அதை ஆசையோடு அணிந்தார்கள். பழைய வெள்ளிக் கஃப்லிங்க்குகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பல தேசங்களில் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு ஜோடியை நான் பார்த்தது பட்டணத்தில் அல்ல. ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டில், ஒரு மலையாளிக் குடியானவர் வீட்டில். மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் மலையில் குடியேறிய தமிழ் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வீட்டுப் பெரியவருடைய பாட்டனார் காட்டிலாகா பங்களாவில் எடுபிடி வேலை பார்த்தாராம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஜோடி.

"கீழே ஒரு கடையில நிறுத்துப் பார்த்தாங்க ஐயா. பழைய ரூபாய் ஒண்ணோட எடைகூட இல்லையாம். வெள்ளியே இல்லைன்னும் சொன்னாங்க. பேத்தி படிப்புக்கு ஆகும்னு நினைச்சேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள், பெரியவரே" என்று பொத்தானின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். கடுகளவு சின்னங்கள் வரிசையாக இருந்தன. செய்தவரின் பெயருக்கு இரண்டு எழுத்துக்கள், ஒரு நங்கூரம், நடந்து போகும் சிங்கம் ஒன்று, கடைசியில் சின்ன 'ஏ' எழுத்து.

இந்த நான்கும் சேர்ந்தால் ஒரு சாட்சிப் பத்திரம். இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்ட் மன்னன், நாணயத்து வெள்ளியைவிட மட்டமான வெள்ளியில் பண்டம் செய்யக்கூடாது என்று சட்டம் செய்தான். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இதுவே 'ஸ்டெர்லிங்'. அந்தத் தரம் உண்டு என்பதற்கு 1544 முதல் சிங்கம் சாட்சி. நங்கூரம், 1773-இல் ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் அடையாளம். கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு. அங்கே 1975 முதல் ரோஜாப்பூ. மூன்று கோதுமைக் கட்டும் ஒரு வாளும் இருந்தால் செஸ்டர். அந்தச் சாலை 1962-இல் மூடப்பட்டது.

கடைசி எழுத்து வருஷத்தைச் சொல்வது. பர்மிங்ஹாமில் சின்ன 'ஏ' 1875-இலும் வந்தது, 1900-இலும் வந்தது. ஆனால் எழுத்தின் வடிவம் வேறு. முன்னது கூர்முனைகள் கொண்ட பழைய பாணி, பின்னது சாதாரண அச்செழுத்து. அரசியின் தலை சேர்ந்திருந்தால் வரி கட்டிய பண்டம் என்று பொருள். அந்த வழக்கம் 1890-இல் நின்றுவிட்டது. பெரியவரின் பொத்தானில் தலை இல்லை, எழுத்தும் அச்செழுத்து. ஆகவே 1900-ஐ ஒட்டியது என்று தயங்காமல் சொல்லலாம்.

முத்திரை போலவே தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. 1840-இல் எல்கிங்டன் மின்முலாம் பூசும் உரிமையைப் பெற்றபின், நிக்கல் கலப்பு உலோகத்தின்மேல் வெள்ளிப் பூச்சுப் பூசிக் குவித்தார்கள். 'நிக்கல் சில்வர்' என்பதில் வெள்ளி பெயரில் மட்டுந்தான். அவற்றிலும் கட்டம் கட்டமாக எழுத்துக்கள் இருக்கும், சிங்கம் இராது. ஓரம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தால் சந்தேகம் வேண்டியதில்லை.

விலைக்கு வருவோம். எடைக்கு உள்ள விலை அடிமட்டம். அதற்குக் கீழே யாரும் கேட்கக்கூடாது. அதற்குமேல், ஜோடி பிரியாமல் இருக்கிறதா, இரண்டிலும் முத்திரைகள் ஒத்திருக்கின்றனவா, தேய்த்துத் தேய்த்து அவற்றை மழுங்கடித்துவிட்டார்களா, இணைக்கும் சங்கிலி பழையதேயா, ஈயப்பற்று வைத்து ஒட்டியதா, மீனா வேலை பெயர்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பளபளப்பாக்கிக் கொண்டு போனால் விலை கூடும் என்பது தவறான எண்ணம்.

நம் சென்னை வேலைக்கு இந்தச் சாட்சிகள் கிடையா. இங்கே வெள்ளியைக் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டத்தைக் கும்பினியும் செய்யவில்லை, பின்வந்த சர்க்காரும் செய்யவில்லை. மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை, தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த 'சுவாமி வெள்ளி'க்குப் பேர்போனது. அதில் கடையின் பெயர் இருக்கும். உளி பிடித்த நம் ஆசாரியின் பெயர் இராது. இருந்தும் வெள்ளி மட்டமல்ல. உருக்கியது பெரும்பாலும் ரூபாய் நாணயம். 11.66 கிராம் எடையுள்ள அந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஆயிரத்தில் 917, சுத்த வெள்ளி. ஸ்டெர்லிங்குக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. 1940-இல்தான் ரூபாயின் வெள்ளி பாதியாயிற்று.

ஆனால் அதே சர்க்கார் ஜவ்வாது மலையில் முத்திரையை மறக்கவில்லை. 1882-ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. வெட்டிய மரத்தில் காட்டிலாகாவின் சுத்தியல் முத்திரை விழுந்தது. இந்த மலைச் சந்தனம் திருப்பத்தூர்க் கிடங்குக்கு இறங்கி, தரம் தரமாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போயிற்று. தான் எடுத்துக்கொண்ட சந்தனத்துக்குத் தரம் பார்த்த சர்க்கார், மலைக்காரர் தாலிக்கும் தண்டைக்கும் வாங்கிய வெள்ளிக்குத் தரம் பார்க்கவில்லை. அங்கே தராசு பிடித்தவன் வாக்கே சட்டம்.

நான் சொன்னதையெல்லாம் பெரியவர் கவனமாகக் கேட்டார். பிறகு, "இந்தச் சிங்கம் சொல்றதைக் கடைக்காரர் கேட்பாரா, ஐயா?" என்றார்.

நியாயமான கேள்வி. நான்கு சின்னங்களையும் தாளில் பெரிதாக வரைந்து, பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதினேன். பள்ளிக்கூடம் போகும் பேத்தி அதை உரக்க வாசித்துக் காட்டினாள். எடைக்குப் போடவேண்டாம், பழம்பொருள் வாங்குபவர் இரண்டு மூன்று பேரிடம் காட்டியபின் விலை பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நம் தேசத்தில் வெள்ளிக்கு முத்திரை போடும் திட்டம் 2005-இல்தான் வந்தது. தங்கத்துக்கு 2021-இல் கட்டாயமாகத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் முத்திரை குத்தினால் மட்டும் போதாது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அதைப் படிக்கத் தெரியவேண்டும். படிக்கத் தெரியாத வீட்டில் சிங்கமும் வெறும் கீறல்தான்.