கூட்டாக்கம் என்னும் பெயரும் வடிவமைப்பு உரிமையும்: இந்தியப் பாதுகாப்புத் தொழில்நுட்பத் தேர்வுகள் குறித்து

ரஷ்யாவின் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானமான டி-50, 2010 ஜனவரி 29 அன்று கொம்சொமோல்ஸ்க் நகரில் முதன்முறையாகப் பறந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட ஒரு போர் விமானத்தை இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாக வடிவமைப்பதற்கான முதற்கட்ட ஒப்பந்தம், 29.5 கோடி டாலர் மதிப்பில், அதே ஆண்டு டிசம்பரில்தான் கையெழுத்தானது. விமானம் வானேறி ஏறத்தாழ பதினொரு மாதங்கள் ஆன பிறகு அதன் வடிவமைப்பில் பங்கு கேட்டு இந்தியா பணம் கட்டியது. பந்தி பரிமாறும் வேளையில் வந்து சமையலில் கூட்டுச் சேர்ந்தது போன்ற அந்த ஏற்பாட்டிலிருந்து 2018இல் இந்தியா விலகிக்கொண்டது. அதே ரஷ்யாவோடு 1998இல் தொடங்கிய பிரமோஸ் ஏவுகணைத் திட்டமோ இன்று ஏற்றுமதி வரை வளர்ந்திருக்கிறது. கூட்டாளி மாறவில்லை, கூட்டாக்கம் என்ற பெயரும் மாறவில்லை. முடிவு மட்டும் நேரெதிராக அமைந்தது. வாங்குவதா, கூட்டாக உருவாக்குவதா என்று வளரும் நாடுகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பெயரைச் சுற்றியே நிற்கிறது. வரைபடம் முடிவாகும் முன்பே உள்ளே நுழைந்தோமா, நுழையும்போது எதிர்த்தரப்புக்குத் தேவைப்படும் எதைக் கையில் கொண்டு சென்றோம் என்ற இரண்டு கேள்விகளே விளைவைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தியா நீண்டகாலம் நம்பியிருந்த இடைவழி, உரிமம் பெற்று உள்நாட்டில் தயாரிப்பது. மிக்-21 தொடங்கி சுகோய்-30 வரை விமானத்தை நாசிக்கிலும் எஞ்சினைக் கோராபுட்டிலும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டியது. ஆவடியில் விஜயந்தா, டி-72, டி-90 டாங்கிகள் அணிவகுத்தன. இவற்றால் தொழிற்சாலையும் தேர்ந்த தொழிலாளரும் உருவானார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு எஞ்சினின் சுழலித் தகடு ஏன் அந்த வளைவில், அந்த உலோகக் கலவையில் அமைந்தது என்பதை உரிமப் பத்திரம் சொல்வதில்லை. எப்படிச் செய்வது என்று மட்டுமே சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் பறந்த மிக்-21 இந்திய விமானப்படையிலிருந்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்ப வடிவமைக்கப்பட்ட தேஜஸ் அமெரிக்க எஞ்சினில் பறக்கிறது. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியில் ஜெர்மானிய எஞ்சின் உறுமுகிறது. ஆயிரக்கணக்கான எஞ்சின்களைக் கோத்த அனுபவம், ஒரு எஞ்சினை வடிவமைக்கும் அறிவாகத் தானே மாறிவிடவில்லை.

தயாரிப்பு அறிவுகூடத் தொடர்ந்து வேலை இருந்தால்தான் நிலைக்கும். 1981இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு செய்த நீர்மூழ்கி ஒப்பந்தத்தின்படி இரண்டு கப்பல்கள் அங்கும், ஷால்கி, சங்குல் என்ற இரண்டு மும்பை மஸகான் தளத்திலும் கட்டப்பட்டன. சங்குல் 1994இல் கடற்படையில் சேர்ந்தது. ஊழல் குற்றச்சாட்டுகளின் நிழலில் அடுத்த கப்பல்களுக்கான ஆணை வரவில்லை. 2005இல் பிரெஞ்சு ஸ்கார்பீன் ஒப்பந்தம் வந்தபோது, அழுத்தம் தாங்கும் உடற்பகுதியைப் பற்றவைக்கும் கலையை அத்தளம் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. அந்த வரிசையின் முதல் கப்பலான கல்வாரி 2017 டிசம்பரில்தான் பணியில் சேர்ந்தது. போஃபர்ஸ் பீரங்கியின் கதை இதற்கு மறுபக்கம். 1986இல் 410 பீரங்கிகளோடு அவற்றைத் தயாரிக்கும் ஆவணங்களும் வந்தன. அக்கொள்முதலைச் சுற்றி எழுந்த அரசியல் புயலில் அந்த ஆவணங்கள் பல்லாண்டுகள் பெட்டியில் கிடந்தன. பிறகு அவற்றையே எடுத்து, குழலின் நீளத்தைக் கூட்டி, ஜபல்பூரில் உருவாக்கிய தனுஷ் 2019இல் ராணுவத்துக்கு வழங்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய தொழில்நுட்பத்தைப் பல்லாண்டுகள் திறந்தே பார்க்காத நாடு, தொழில்நுட்பம் தர மறுத்ததாக வெளிநாட்டை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல.

பிரமோஸை நெருங்கிப் பார்த்தால் வெற்றியின் கூறுகள் புலப்படும். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் மஷினோஸ்ட்ரோயெனியா நிறுவனத்திடம் ஓனிக்ஸ் ஏவுகணையின் ராம்ஜெட் நுட்பம் இருந்தது. அதை முடித்துப் படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இந்தியாவிடம் பணத்தோடு இன்னொன்றும் இருந்தது: 1983இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் வளர்த்தெடுத்த வழிகாட்டுக் கருவிகள், மென்பொருள், அவற்றை எழுதக்கூடிய பொறியாளர்கள். 50.5 விழுக்காடு இந்தியாவுக்கும் 49.5 விழுக்காடு ரஷ்யாவுக்குமாகப் பங்கு பிரித்து நிறுவனமே கூட்டாக அமைந்தது. 2001 ஜூனில் சண்டிபூரில் முதல் சோதனை நடந்தது. பிரமோஸ் என்பது பெயர் மாற்றிய ஓனிக்ஸ்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உடலும் எஞ்சினும் பற்றி அந்தக் கேள்வியில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஆயினும் நிறுவனத்தில் பங்கு இருந்ததால் இந்தியாவின் பகுதி ஆண்டுதோறும் வளர முடிந்தது. இலக்கைத் தேடும் சீக்கர் கருவியை 2018இல் உள்நாட்டுத் தயாரிப்பாகவே பொருத்திச் சோதித்தார்கள். 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா சேர்ந்ததும் 290 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிப் பாய்வெல்லையை நீட்ட வழி பிறந்தது. 2022இல் பிலிப்பைன்ஸ் ஏறத்தாழ 37.5 கோடி டாலருக்கு அதை வாங்க ஒப்பந்தமிட்டது. கொள்முதல் ஒப்பந்தமாக மட்டும் இருந்திருந்தால் இந்த மூன்றில் எதுவும் இந்தியாவின் கையில் இருந்திருக்காது. இஸ்ரேலோடு உருவாக்கிய பராக்-8 ஏவுகணையிலும் இதே இலக்கணத்தைக் காணலாம்: ரேடாரும் சீக்கரும் அவர்களுடையவை, இருமுறை எரியும் ராக்கெட் மோட்டார் இந்தியாவினுடையது.

எதிர்வாதங்களில் வலுவானது காலம் பற்றியது. இரண்டு எல்லைகளில் அபாயம் நிற்கும்போது ஆய்வகம் முதிரும்வரை படை காத்திருக்க முடியுமா? முடியாது. 2020–24 காலத்தில் உக்ரைனுக்கு அடுத்து உலகிலேயே அதிக ஆயுதங்களை இறக்குமதி செய்த நாடு இந்தியா என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம்; அதில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. அவசரத் தேவைக்கு வாங்க வேண்டியதை ஒளிவுமறைவின்றி வாங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். 126 நடுத்தரப் போர் விமானங்களுக்கான 2007ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி இதற்குச் சான்று. படைக்கு விரைவில் விமானமும் வேண்டும், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 108 விமானங்களை இங்கே கட்டவும் வேண்டும் என்று இரண்டு நோக்கங்களை ஒரே பத்திரத்தில் ஏற்றினார்கள். இந்தியாவில் கட்டப்படும் விமானத்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கிலேயே பேச்சு முடங்கியது. கடைசியில் 2016இல் 36 ரஃபேல் விமானங்களை நேரடியாக வாங்கினார்கள். படைக்கும் போதிய விமானம் வரவில்லை, தொழிலுக்கும் எதுவும் சேரவில்லை.

உள்நாட்டு ஆய்வகங்கள்மீது நம்பிக்கை வைக்கச் சொல்வது பகல்கனவு என்பது இன்னொரு எதிர்வாதம். காவேரி எஞ்சினைச் சுட்டிக்காட்டுவார்கள். 1989இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டம் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் தோல்வியில் ஒரு செய்தி அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. மிகு உயரத்தில் எஞ்சின் எப்படி இயங்கும் என்று பார்க்கும் சோதனைக் கூடமும், எஞ்சினை ஏற்றிப் பறக்கும் சோதனை விமானமும் இந்தியாவிடம் இருக்கவில்லை; காவேரியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் ஐஎல்-76இல் பூட்டிப் பறக்கவிட வேண்டியிருந்தது. தவறை உடனே கண்டு உடனே திருத்தும் வாய்ப்பு இல்லாத இடத்தில் எந்தப் பொறியாளரும் வேகமாக முன்னேற முடியாது. வாங்கிய எஞ்சினாவது நேரத்துக்கு வந்ததா? 2021இல் ஒப்பந்தமிட்ட 99 எஃப்-404 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. அதற்காக விமானங்கள் காத்து நின்றன. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையால் தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் பணியில் அங்கிருந்த இந்தியப் பொறியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அப்பணியை இங்கேயே முடித்து 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது. உள்ளூரில் அறிவு ஓரளவு சேர்ந்திருந்த துறையில் தடை பயன் தந்தது, சேராத எஞ்சின் துறையில் தாமதம் மட்டுமே தந்தது.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட பண்டெய்ரான்டே விமானத்தை ஏற்கெனவே கட்டிவந்த பிரேசிலின் எம்ப்ரேயர், 1980களில் இத்தாலியோடு ஏஎம்எக்ஸ் போர் விமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு பங்கோடு சேர்ந்தது. அங்கே கற்றதைப் பயணிகள் ஜெட்டுகளுக்குக் கொண்டுவந்தது. தென் கொரியாவின் கேஎஃப்-21 திட்டத்தில் 20 விழுக்காடு செலவை ஏற்பதாகச் சேர்ந்த இந்தோனேசியாவுக்குப் பணமே நுழைவுச் சீட்டாக இருந்தது. தவணை பாக்கியானதும் அதன் பங்கு முன்பு ஏற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறுகியது, பெறும் தொழில்நுட்பமும் அதற்கேற்பச் சுருங்கியது. பணத்தை மட்டும் கொண்டு சேர்ந்த கூட்டாளியிடமிருந்து பணம் நின்றுவிட்டால் அவருக்காகக் காத்திருக்க மற்றவருக்குக் காரணம் ஏதுமில்லை.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான எஞ்சினைப் பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவில் உருவாக்கப்போவதாக 2025இல் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். இதில் எத்தனை விழுக்காடு தொழில்நுட்பம் கைமாறும் என்ற எண்ணைச் சுற்றித்தான் பேச்சு நடக்கும். நாடாளுமன்றமும் ஆய்வாளர்களும் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு மூன்றைக் கேட்க வேண்டும்: வடிவமைப்பின் முதல் நாளிலிருந்து இந்தியப் பொறியாளர்கள் உடன் இருப்பார்களா, எஞ்சினை மாற்றவும் விற்கவும் இந்தியாவுக்கு உரிமை உண்டா, உயரச் சோதனைக் கூடம் இந்த மண்ணில் எழுமா. இவை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்றால், அதற்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் அதைக் கொள்முதல் என்ற கணக்கிலேயே வைக்க வேண்டும். விலையையும் கொள்முதல் விலையாகவே பேச வேண்டும்.