ஆபிரிக்க மீன்குஞ்சுகள் வந்த கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு மீன் வளர்ப்போர், ஆபிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரிகளுக்குரிய சிக்ளிட் குடும்பத்து மீன்குஞ்சுகளை விரும்பினால், நீரைப் பற்றி அதிகம் கவலைகொள்ள வேண்டியதில்லை. அவ்வேரிகளின் நீர் காரச்சார்புடையது. நம் கிணற்று நீரும் சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் வன்னீரே. தேநீர்க் கேத்தலில் வெண்படலம் படியச் செய்யும் அந்நீர், இம்மீன்களுக்கு ஏறத்தாழத் தாயகத்து நீர் போன்றது.

ஆயின், இக்குடும்பத்தைச் சேர்ந்த ஆபிரிக்க மீனொன்று, அழகுக்காக அன்றி உணவுக்காக, 1952ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதுவே திலாப்பியா. தென்கிழக்கு ஆபிரிக்க ஆறுகளுக்குரிய அம்மீனை 1852இல் பீற்றர்ஸ் என்னும் ஜேர்மானிய விலங்கியலார் விவரித்து, மொசாம்பிக் நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் 1930களின் பிற்பகுதியில், யாவாத் தீவின் தென்கரையிலுள்ள ஆற்றுமுகமொன்றில் முஜாயிர் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். அவர் வளர்க்க முயன்றவற்றுள் பிழைத்தவை ஐந்தே என்பர். ஆபிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் அவை எவ்வாறு வந்தன என்பது துலங்காத செய்தி. அழகு மீன் வளர்ப்போர் கைவழி வந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உளர். இந்தோனேசியர் அம்மீனை இன்றும் முஜாயிர் என்றே அழைக்கின்றனர். உலகப்போர்க் காலத்தில் யாவாவைக் கைக்கொண்ட யப்பானியர் அதன் வளர்ப்பைப் பரப்பினர். நம் நாட்டில் அதற்கு யப்பான் மீன் என்றொரு பெயர் வழங்குவது குறிப்பிடத்தக்கது. இலங்கைக்கு வந்த அதே ஆண்டில், பாங்கொக்கிலிருந்து மண்டபத்துக்கும், இலங்கையிலிருந்து சென்னைக்கும் அது சென்றது.

அதனை இங்கு கொணர்ந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. இலங்கையில் சொல்லத்தக்க இயற்கை ஏரிகள் இல்லை. ஆதலின் நம் நன்னீர் மீன்கள் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. பராக்கிரம சமுத்திரம் முதலான பெருங்குளங்களை மன்னர் வெட்டினர். அவற்றின் அகன்ற நீர்ப்பரப்புக்கு ஏற்ற மீனை அவர்களால் படைக்க முடியுமா? அவ்வெற்றிடத்தைத் திலாப்பியா நிரப்பிற்று. ஆண்மீன் நீரடியில் குழி பறிக்கும். பெண்மீன் முட்டைகளை வாயில் ஏந்தி, ஏறத்தாழ மூன்று கிழமை உண்ணாமற் காக்கும். வெளிவந்த குஞ்சுகள் ஆபத்துக் கண்டால் மீண்டும் தாயின் வாய்க்குள் ஓடிப் புகும். நெருக்கமான குளங்களில் இரண்டு மூன்று மாதத்திலேயே குஞ்சு தாயாகிவிடும். இருபது ஆண்டுக்குள் உள்நாட்டுக் குளங்களின் மீன்பிடியில் பெரும்பங்கு இம்மீனுடையதாயிற்று. கடலைக் காணாத கமக்காரன் வீட்டுச் சட்டியிலும் மீன் வெந்தது. இது சிறு நன்மை அன்று.

குடாநாட்டின் நிலை வேறு. நாற்புறமும் கடல் சூழ்ந்த மண்ணில், விளைமீனும் ஒட்டியும் உண்டு பழகிய நாவுக்குத் திலாப்பியா தேவையாய் இருந்ததில்லை. நிரப்ப வேண்டிய வெற்றிடமும் இங்கில்லை. உவர்நீரில் நம் நாட்டுச் சிக்ளிட் ஒன்று முன்னமே குடியிருந்தது. உடலில் முத்துப்போன்ற புள்ளிகளும் கரும்பட்டைகளும் கொண்ட அதனைச் சிங்களத்தில் கோரலியா என்பர். கேரளத்தார் கரிமீன் என்று விரும்பி உண்பர். கடல்நீரின் உப்பையும் தாங்கவல்ல திலாப்பியா, அதன் உறைவிடத்திலும் நுழையக்கூடியது. 1952இல் இந்த உறவினனைப் பற்றி எவரும் அதிகம் எண்ணியதாகத் தோன்றவில்லை.

இப்போது கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். சிக்ளிட் குஞ்சுகளைத் தனித்தனியே அன்றி, ஒரே பருவத்தினவாகக் கூட்டமாய் விடுதல் நன்று. அப்போது வல்லவனின் சினம் ஒருவன் மீதே விழாது. பல இனங்களில் ஆணின் நீலமும் பொன்னிறமும் வளர்ந்த பின்னரே வெளிப்படும். இடர் அதன்பின் வருவது. விரலளவு குஞ்சு சாணளவாகும்; ஆண்கள் போரிடும்; தொட்டி போதாது. அந்நாளில் வாளியும் கையுமாகக் குளக்கரைக்குச் செல்லும் எண்ணம் எழுவது இயல்பே. கொழும்புப் பக்கத்து நீர்நிலைகளில் 1990களிலிருந்து பெருகிய கத்திமீனும் அழகு மீன் வளர்ப்பினின்று தப்பியதே.

நம் குளங்களோ கோடையில் வற்றி ஒடுங்குபவை. அதனை நம்பி, விட்ட மீன் மடிந்துபோகும் என எண்ணுவோர் உண்டு. ஆனால் மாரியில் அவை நிரம்பி வழியும். வலிகாமத்துக் குளங்கள் பலவற்றின் நீர் வழுக்கையாற்றின் வழியே அராலிப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேரும். கோரலியா வாயில் முட்டை சுமப்பதில்லை. கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வைத்து, தாயும் தந்தையுமாக அருகிருந்து காவல் செய்யும்.