புறவய நோக்கும் ஆய்வாளனின் நிலையும்

சமூக அறிவியல் ஆய்வாளன் தன் விருப்பு வெறுப்புகளை ஒதுக்கி உண்மையை உள்ளவாறே காணல் வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பல்கலைக்கழகங்கள் வலியுறுத்திய நெறியாகும். இப்புறவய நோக்கு மனிதனுக்கு எவ்வளவு இயலும்? அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யு. ஈ. பி. டூ போய்ஸின் (1868–1963) ஆய்வுப்பணி இவ்வினாவிற்கு ஒளி தருகிறது எனக் கருதுகிறோம்.

பெர்லினில் பயின்று, 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற அவரை, மறு ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்துக் கறுப்பின மக்களை ஆராய அழைத்தது. நகரின் சீர்கேட்டிற்கு அம்மக்களே காரணம் என்னும் எண்ணம் அங்கே பரவியிருந்தது. டூ போய்ஸ் அவ்வட்டத்திலேயே குடியிருந்து, வீடுவீடாகச் சென்று, 9,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். 1899இல் வெளிவந்த அவரது நூல் அம்மக்களிடையே நிகழ்ந்த குற்றங்களை மறைக்கவில்லை. ஆயின் அவற்றின் வேர்கள் அடிமைமுறையின் விளைவுகளிலும், தொழில்களினின்று அவர்கள் விலக்கப்பட்டதிலும் இருத்தலை அது காட்டிற்று. ஆய்வாளனின் பற்றுகள் எத்தகைய ஆய்வினுள்ளும் ஓரளவு புகுந்தே தீரும் என்பதையும் அவர் அந்நூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார்.

அவ்வாண்டு ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி வெறிக்கும்பலால் வதைத்துக் கொல்லப்பட்டார். அட்லாண்டாவில் பேராசிரியராயிருந்த டூ போய்ஸ், இது குறித்து எழுதிய கடிதத்துடன் நாளிதழ் அலுவலகத்திற்குப் புறப்பட்டார். கொலையுண்டவரின் விரல்மூட்டுகள் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என வழியில் கேள்வியுற்றுத் திரும்பினார். மனிதர் இவ்வாறு கொல்லப்படுகையில் அமைதியாக விலகிநிற்கும் அறிவியலாளனாயிருத்தல் இயலாது என்று அவர் பின்னாளில் எழுதினார்.

உணர்ச்சி மேலிட்டு அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரோ எனின், இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் நிகழ்ந்த மறுசீரமைப்புக் காலத்தை (1865–1877), கொலம்பியாப் பல்கலைக்கழகத்து வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவரும் அறிவியல் முறை வரலாறு என்னும் பெயரில் எழுதி வந்தனர். கறுப்பின மக்கள் ஆட்சிப் பொறுப்பிற்குத் தகுதியற்றவர் என்பதை அவர்கள் முன்னரே ஏற்றுக்கொண்டனர். அம்மக்களின் சான்றுகளையோ பெரிதும் புறக்கணித்தனர். டூ போய்ஸ் 1935இல் வெளியிட்ட நூலிலோ, கறுப்பினத்தவரும் ஏனையோரைப் போன்ற மனிதரே என்னும் அடிப்படையில் எழுதுவதாக முதற்கண் அறிவித்தார். பொதுக்கல்வியை நிறுவுவதில் அவர்கள் ஆற்றிய பங்கை நிலைநாட்டினார். அவரது மார்க்சியச் சட்டகம் மறுப்புக்குள்ளாயிற்று. மூல ஆவணங்களை விட அச்சிட்ட நூல்களையே பெரிதும் சார்ந்திருந்தமையும் குறையாகக் கூறப்பட்டது. எனினும் 1988இல் எரிக் ஃபோனர் எழுதிய பெருநூல் உள்ளிட்ட பிற்கால ஆய்வுகள் அவரது மையக் கருத்தை உறுதிசெய்தன.

சார்பற்றதெனத் தன்னை அறிவித்துக்கொண்ட வரலாறு தன் சார்பை மறைத்தது. மறைந்திருந்தமையால் அச்சார்பு நெடுங்காலம் வினாவிற்குள்ளாகாமல் நின்றது. சார்பை வெளிப்படையாகக் கூறிய வரலாறோ எவரும் சோதித்துப் பார்க்க இடமளித்தது. எனவே புறவயம் என்பது பற்றின்மை அன்று. தமக்கு எதிரான சான்றையும் மறையாது முன்வைக்கும் நேர்மையே அது. சிற்றூர்களையும் சபைகளையும் ஆராயப் புகும் நாம், எங்கு நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் கூறுதலும், நமக்கு உவப்பற்ற உண்மையையும் ஏட்டில் பதித்தலும் கடமையெனக் கொள்வோமாக.